விற்பவரே உஷார்!

கீழ்பென்னாத்தூரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது என்றால் நம்புவீர்களா? திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில், மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றிய டிராக்டருக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவே, தரையோடு தரையாக ஒரு சிவப்பு வண்டி ஊர்ந்து வரும். ரெண்டே சீட்டு. மேலே கூரையைக் கழற்றிவிடலாம். ஓட்டிக்கொண்டு வருபவர் என் சித்தப்பா.

1990-களின் கடைசியில் கோவாவில் தயாராகி வந்த ‘சான் ஸ்டார்ம்’ என்கிற கார் அது. ஃபைபர் உடம்பு, ரெனோ இன்ஜின். இந்தியாவில் அதிகம் விற்காத வண்டி. சித்தப்பா 2001-ல் வாங்கினார். ‘இந்த ஊர் ரோட்டுக்கு இது தேவையா?’ என்று சித்தி கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை. ஆனால், வண்டியை அவர் வைத்திருந்த அழகு இருக்கிறதே... ஆயில் மாற்றிய பில்லிலிருந்து வைப்பர் வாங்கிய பில் வரை ஒரு ஃபைலில் தேதிவாரியாக இருக்கும். தீபத்துக்குக் கூட்டம் வருகிற நாட்களில் வண்டி ஷெட்டைவிட்டு வெளியே வராது.

போன வருஷம் விற்க முடிவு செய்தார். காரணம், முட்டிவலி. “மத்த கார்ல ஏறி உட்காரணும், இதுல எறங்கி உட்காரணும். உட்கார்ந்துட்டா எழுந்திருக்க ரெண்டு பேர் வேணும்ப்பா” என்றார்.

புரோக்கர் வந்தார். வண்டியைச் சுற்றிவந்தார். ஃபைலைப் புரட்டினார். கேட்ட விலையைப் பெரிதாகப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். பையிலிருந்து படிவம் 29, படிவம் 30 இரண்டையும் எடுத்து நீட்டினார். “கையெழுத்து மட்டும் போடுங்க சார். பேர், தேதி எதுவும் எழுத வேணாம். நாங்க பாத்துக்கறோம்.”

சித்தப்பா எனக்கு போன் போட்டார். “நீ பி.காம். படிச்சவனாச்சே... போடலாமா?”

பி.காம். வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ‘வாங்குபவரே உஷார்’ என்கிற பாடம். 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் வரும். வாங்குகிறவன்தான் ஏமாறுவான், விற்கிறவன் காசை எண்ணிக்கொண்டு போய்விடுவான் என்கிற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருக்கிறது. பழைய கார் வியாபாரத்தில் இது பாதி உண்மை. மீதிப் பாதியில் மாட்டிக்கொள்வது, வண்டியை ஒழுங்காக வைத்திருந்து விற்ற முதல் ஓனர்.

எப்படி என்று சொல்கிறேன்.

சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்பவரும் வாங்குபவரும் எப்போது பொருள் கைமாற வேண்டும் என்று நினைக்கிறார்களோ, அப்போதே உரிமை மாறிவிடும். காசு வாங்கி, சாவி கொடுத்தால் கதை முடிந்தது. அரிசி மூட்டைக்கு இது சரி. மோட்டார் வண்டிக்கு வேறு சட்டம். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு, யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர்தான் ‘உரிமையாளர்’ என்கிறது. வண்டி யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பது கணக்கில்லை.

இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. ஹரியானா பக்கம் ஒரு கார். முதல் ஓனர் 2007-லேயே விற்றுவிட்டதாகச் சொல்கிறார். அது கைமாறி, கைமாறிப் போகிறது. பதிவில் மட்டும் பெயர் மாறவில்லை. 2009-ல் பின்பக்கமாக எடுக்கும்போது மோதி ஒரு பையன் செத்துப்போகிறான். யார் இழப்பீடு தருவது? ‘நான் எப்பவோ வித்துட்டேன்’, ‘நானும் வித்துட்டேன்’ என்று ஆளாளுக்குக் கைகாட்டுகிறார்கள். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் நீதிபதி சந்திரசூட் தீர்ப்பு எழுதினார்: பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் பொறுப்பு.

கொடுமையாகத் தெரிகிறதா? எனக்கு அப்படித் தெரியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த அப்பன், யார் யாருக்கு விற்றார்கள் என்று ஊர் ஊராக அலைய வேண்டுமா என்ன? தீர்ப்பு நியாயமானது. அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த வெற்றுப் படிவத்தில் இருக்கிறது.

“நடுவுல உங்க பேருக்கு மாத்திக்கிட்டா என்ன?” என்று சித்தப்பா புரோக்கரைக் கேட்டிருக்கிறார். மனுஷன் உண்மையைச் சொல்லிவிட்டார். “என் பேர் வந்தா, வாங்கறவரு தேர்ட் ஓனர் ஆயிடுவாரு சார். ரேட்டு அடிபடும். உங்க பேர்லயே இருந்தா, எப்ப வித்தாலும் சிங்கிள் ஓனர் வண்டி!”

கவனித்தீர்களா? புரோக்கர் வாங்க வந்தது காரை மட்டுமல்ல; சித்தப்பாவின் பெயரையும் சேர்த்து. அந்தப் பெயரைக் காட்டித்தான் அடுத்தவரிடம் விற்பார்கள். அவரும் மாற்றாமல் இன்னொருவரிடம் விற்பார். எவ்வளவுக்கு எவ்வளவு நன்றாக வண்டியை வைத்திருந்தீர்களோ, அவ்வளவுக்கு அவ்வளவு உங்கள் பெயர் அதிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது மற்றவர்களுக்கு லாபம். ஒழுக்கமாக இருந்ததற்குத் தண்டனை!

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் லட்சணம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லா வண்டிக்கும் சந்தேக விலையே கிடைக்கும். நல்ல வண்டி வைத்திருப்பவர் வெறுத்துப்போய் சந்தையைவிட்டே விலகிவிடுவார் என்றார். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அந்தச் சந்தேகத்தைப் போக்குகிற ஒரே சாட்சி, ‘முதல் ஓனர்’ என்கிற வார்த்தைதான். நாம் அந்தச் சாட்சியையே கள்ளச் சரக்காக்கி வைத்திருக்கிறோம்.

பெரிய மனிதர்களுக்குப் பெயர் சேர்வதில் பிரச்னை இல்லை. டெண்டுல்கருக்கு 2002-ல் ஃபெராரி 360 மொடேனா கிடைத்தது. டெஸ்ட்டில் 29 சதம் அடித்து பிராட்மேனைத் தொட்டதற்காக ஃபியட் கொடுத்த பரிசு. சாவியைக் கொடுத்தவர் மைக்கேல் ஷூமாக்கர். சுங்க வரியாக ஒரு கோடிக்கும் மேலே கட்ட வேண்டியதைத் தள்ளுபடி செய்வதா என்று நாடே சண்டை போட்டது. கடைசியில் ஃபியட்டே கட்டியது. 2011-ல் சூரத் வியாபாரி ஒருவருக்கு அந்த கார் விற்கப்பட்டது. வாங்கியவருக்கு அது ‘சச்சின் கார்’. முதல் ஓனரின் பெயர் அங்கே கிரீடம். கீழ்பென்னாத்தூர்க்காரருக்கு அதே பெயர் கழுத்தில் கயிறு.

சான் ஸ்டார்மை வாங்க வருகிறவன் யார்? பெரும்பாலும் இருபத்தைந்து வயசுப் பையன். கூரையைத் திறந்துவிட்டு, பைபாஸில் பறப்பான். கேமரா பிடித்தால் அபராதம் யார் போனுக்கு வரும்? சித்தப்பா போனுக்கு. ஃபாஸ்டேக்கை மூடவில்லை என்றால் சுங்கச்சாவடியில் காசு யார் கணக்கில் போகும்? அவர் கணக்கில். இன்ஷூரன்ஸ் இல்லாமல் யாரையாவது இடித்தால்? வீடு, நிலத்துக்கே ஆபத்து.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள், கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் வெடித்த மாருதி 800, பல கை மாறி வந்த வண்டி. 2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் அப்படித்தான். போலீஸ் முதலில் போய்த் தட்டுவது, பதிவில் இருக்கும் பெயர்க்காரர் வீட்டுக் கதவை. நீங்கள் நிரபராதிதான். அதை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான்!

‘அதெல்லாம் ஆயிரத்துல ஒண்ணு சார்’ என்பார்கள். அந்த ஆயிரத்தில் ஒருவர் நீங்களாக இருந்தால், மீதி 999 பேர் வந்து இழப்பீடு கட்டமாட்டார்கள்.

சட்டம் சும்மா இல்லை. 50-வது பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் விற்றவர் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளில் தெரிவிக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்று வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அப்படிப்பட்ட வியாபாரியிடம் விட்டால், 29சி படிவத்தில் தெரிவித்துவிடலாம். அதன் பிறகு அவரையே உரிமையாளராகக் கருதுவார்கள். நல்ல விதி. ஆனால், பெரும்பாலான ஊர்களில் வியாபாரம் நடப்பது ஷோரூமில் இல்லை, டீக்கடையில். அங்கே இன்னும் வெற்றுப் படிவம்தான் ராஜா.

அரசாங்கத்திடம் நான் கேட்பது ஒன்றுதான். வியாபாரியிடம் விற்பவருக்குக் கொடுத்த பாதுகாப்பை, நேரடியாக விற்கும் சாதாரண மனுஷனுக்கும் கொடுங்கள். ‘விற்றுவிட்டேன்’ என்று ஓ.டி.பி. போட்டு அவர் சொன்ன நிமிஷமே பதிவில் அது ஏறட்டும். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாதவரை அந்த வண்டிக்கு எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எதுவும் கிடைக்கக் கூடாது. எல்லா வண்டியின் ஜாதகமும் கம்ப்யூட்டரில் இருக்கிற காலத்தில் இது பெரிய வேலையா?

அதுவரை? வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சாவி கொடுத்த தேதி, மணி எழுதி, வாங்குபவர் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். ஃபாஸ்டேக்கை மூடுங்கள். இன்ஷூரன்ஸ் நோ-க்ளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையது அல்ல, கேட்டு வாங்குங்கள். பெயர் மாறிவிட்டதா என்று பரிவாஹன் தளத்தில் உங்கள் கண்ணால் பாருங்கள்.

சித்தப்பா கையெழுத்துப் போடவில்லை. புரோக்கர் போய்விட்டார். ரெண்டு மாதம் கழித்து வேலூரிலிருந்து ஒரு பையன் வந்தான். புரோக்கர் சொன்னதைவிட நாற்பதாயிரம் குறைவு. ஆனால், தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளத் தயார் என்றான். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சித்தப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: “ஆர்.சி. உன் பேர்ல வரட்டும். அப்புறம் வண்டி.” அதுவரை ஷெட்டில்தான் நின்றது. பையன் ரெண்டு தடவை வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.

வண்டி போன அன்று போன் செய்தேன்.

“நாப்பதாயிரம் நஷ்டம்தானே சித்தப்பா?”

“ஆர்.சி-ல என் பேர் போயிடுச்சு. ஊர்ல என் பேர் இருக்குப்பா. நாப்பதாயிரம் குடுக்கலாம்” என்றார்.