பட்டமரமும் பிரசவ வீடுதான்

தைலமரம் என்றாலே நமக்கு எரிச்சல் வரும். நிலத்தடி நீரை உறிஞ்சுகிற மரம் என்ற கோபம். ஆனால் அதன் தாய்நாடான ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் மரங்கள்தான் காட்டுயிர்களின் பிரசவ வீடு. பறவை, வௌவால், பாசம் என்று சுமார் 300 வகை முதுகெலும்பு உயிர்கள் அங்கே மரப்பொந்தை நம்பியிருக்கின்றன.

அந்த நாட்டில் மரங்கொத்தியே கிடையாது. கிளை முறிந்த காயத்தில் பூஞ்சை புகுந்து, கறையான் அரித்து, தீயும் குடைந்துதான் பொந்து உண்டாகணும். அதற்குப் பெரும்பாலும் 100 வருசத்துக்கு மேல் ஆகும். பெரிய பொந்து என்றால் 200 வருசம்கூட ஆகலாம்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமைக்காகக் காட்டை அழித்தார்கள். அங்குள்ள கார்னபி கருங்காக்கட்டூ என்ற கிளியினம் ஒன்றோ இரண்டோ முட்டைதான் இடும். பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். பொந்தும் இரைதேடும் காடும் போனதால் இன்று அது அழியும் நிலையில் இருக்கிறது. செயற்கைப் பொந்து கட்டித் தொங்கவிடுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் எத்தனை மரத்துக்குக் கட்ட முடியும்?

நட்டம் உழவருக்கும் உண்டு. பொந்தில் குஞ்சு பொரிக்கும் கூகை எலியைப் பிடிக்குது, வௌவால் பூச்சியைத் தின்னுது. கூலி கேட்காத வேலையாள் வீட்டை இடித்துவிட்டு, மருந்துக் கடையில் காசைக் கொட்டுவது என்ன கணக்கு?

நான் சொல்வது இதுதான்: பொந்து விழுந்த மரம் பட்டுப்போனாலும் நிற்கட்டும். அது சாய்வதற்குள் அடுத்ததும் வளரணும். பக்கத்திலேயே கன்று வையுங்க. கிளி குடியிருக்கும் நம்ம ஊர் மொட்டைப் பனைக்கும் இதே நியாயம்தான்.