பனிக்குடம் உடையாதபோது

முப்பது வாரக் கர்ப்பிணி ஒருவர், வயிறு விட்டு விட்டு இறுக்குகிறது என்று நள்ளிரவில் வந்து சேர்கிறார். பனிக்குடம் உடையவில்லை, காய்ச்சலும் இல்லை. ஸ்டீராய்டு ஊசி போட்ட கையோடு கேஸ் ஷீட்டில் ஓர் ஆன்டிபயாடிக்கும் எழுதப்படுகிறது. ஏன் என்று கேட்டால் 'எதற்கும் இருக்கட்டும்' என்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். குழந்தைக்கு நல்லது செய்கிறோம் என்றே நம்பினேன்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. கருப்பைவாய் வழியே மேலேறும் கிருமிகள் பனிக்குடச் சவ்வில் அழற்சியைக் கிளப்புகின்றன. இன்டர்லியூக்கின்கள் சுரந்து, புரோஸ்டாகிளாண்டின் பெருகி, கருப்பைவாய் இளகி, வலி எடுக்கிறது. கிருமியைக் கொன்றால் வலியும் நிற்கும்தானே? பிரிட்டன் ஆய்வாளர்கள் நடத்திய ஓராக்கிள் ஆய்வு இதைத்தான் சோதித்தது. பனிக்குடம் உடையாமலே குறைமாத வலி கண்ட 6,295 பெண்களுக்கு எரித்ரோமைசின், கோ-அமாக்சிக்ளாவ், இரண்டும் சேர்த்து, அல்லது வெற்று மாத்திரை கொடுத்தார்கள். 2001-ல் வந்த முடிவின்படி, குழந்தைகளுக்கு எந்தப் பலனும் இல்லை.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று பலர் அதோடு விட்டுவிட்டார்கள். ஆய்வாளர்கள் விடவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு ஏழு வயதானபோது மீண்டும் தேடிப்போய் விசாரித்தார்கள். 2008-ல் வெளியான கணக்கு இது: தாய்க்கு எரித்ரோமைசின் கொடுத்த குழந்தைகளில் 3.3 சதவீதத்தினருக்கு மூளை முடக்குவாதம், கொடுக்காதவர்களில் 1.7. கோ-அமாக்சிக்ளாவில் 3.2, அது இல்லாதவர்களில் 1.9. தாயின் வயிற்றில் இருந்தபோது எழுதிய மருந்துச்சீட்டு பள்ளிக்கூட வயதில் கணக்குக் கேட்கும் என்று நம்மில் யார் எண்ணினோம்?

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு முடிந்த முடிவு இல்லை. கிருமி குறைந்தாலும் அழற்சி தணியாமல், அந்தச் சூழலிலேயே சிசுவை அதிக நாள் இருத்திவிடுகிறோமோ என்பது ஒரு விளக்கம். எனக்கு அது பொருந்துவதாகவே படுகிறது. கல்ச்சரில் எதுவும் வளராத பனிக்குட நீரிலும் அழற்சி இருக்கக்கூடும். அங்கே ஆன்டிபயாடிக்குக்கு என்ன வேலை?

டிரைக்கோமோனாஸ் என்ற பிறப்புறுப்புத் தொற்றின் கதையும் இதுதான். அந்தத் தொற்று இருந்தும் அறிகுறி ஏதுமில்லாத கர்ப்பிணிகளுக்கு மெட்ரோனிடசோல் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2001-ல் வெளியானது. மருந்து பெற்றவர்களில் 19 சதவீதத்தினருக்குக் குறைப்பிரசவம். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 10.7.

பனிக்குடம் உடைந்துவிட்டால் நிலைமை வேறு. ஓராக்கிளின் மறுபாதியே அதைக் காட்டியது. அங்கே எரித்ரோமைசின் பிரசவத்தைத் தள்ளிப்போட உதவியது, ஏழு வயதுக் கணக்கிலும் கெடுதல் தென்படவில்லை. ஆனால் கோ-அமாக்சிக்ளாவ் பெற்றவர்களின் பச்சிளம் குழந்தைகளில் குடல் அழுகல் நோய் கூடியதால் அந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும். பனிக்குடம் எப்படி இருந்தாலும், அறிகுறி இல்லாவிட்டாலும், சிறுநீர் கல்ச்சரில் கிருமி வளர்ந்தால் மருந்து கொடுக்கத்தான் வேண்டும். சிறுநீரகத் தொற்றை அது தடுக்கிறது. சிபிலிஸுக்குப் பென்சிலின் ஊசியை ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல், கருப்பையைத் தொட்டால் வலி, நாற்றமடிக்கும் நீர், சிசுவின் இதயத் துடிப்பு வேகம் என்று பனிக்குடத் தொற்று தெரிந்தால் நரம்பு வழி ஆன்டிபயாடிக்கை உடனே தொடங்கி, பிரசவத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆகவே, அந்த முப்பது வாரப் பெண்ணுக்கு ஸ்டீராய்டு போடுங்கள். பிரசவம் நெருங்கினால் சிசுவின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட் கொடுங்கள். பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கு நேரத்தோடு அனுப்புங்கள். வலி முற்றிப் பிரசவம் உறுதியானால், குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கான பென்சிலினை உங்கள் மருத்துவமனை நெறிமுறைப்படி கொடுங்கள். அது குழந்தையைத் தொற்றிலிருந்து காப்பதற்கு, வலியை நிறுத்துவதற்கு அல்ல. இவை தவிர ஆன்டிபயாடிக் எழுதுவதானால், எந்தத் தொற்றுக்கு என்பதைக் கேஸ் ஷீட்டில் அதே வரியில் எழுதுங்கள். எழுத எதுவும் இல்லையென்றால் பேனாவை மூடிவிட்டு, ஏன் கொடுக்கவில்லை என்பதை அந்தப் பெண்ணிடமும் வெளியே காத்திருக்கும் அவர் தாயிடமும் உட்கார்ந்து சொல்லுங்கள்.