கல்முனையில் வரிசை, தோட்டத்தில் வெற்று வகுப்பு



ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கியது. அங்கே பட்டம் பெற்ற கல்முனை, சாய்ந்தமருதுப் பிள்ளைகள் ஆசிரியர் நியமனத்துக்கு வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். நமது தோட்டப் பாடசாலைகளிலோ கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் போதிய ஆசிரியர் இல்லை.

"அவர்கள் வந்தால் நம் பிள்ளைகளின் வேலை போகும்" என்று சிலர் மோதவிடப் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? ஆசிரிய உதவியாளர் என்ற பெயரும் மாதம் 10,000 ரூபாவும்! மலிவுக் கூலி கொழுந்து மலையிலிருந்து வகுப்பறைக்கு வந்தது, அவ்வளவுதான்.

கல்முனைப் பட்டதாரி நமக்கு எதிரியல்ல. வெற்றிடத்தை நிரப்பாத அரசே பதில் சொல்ல வேண்டும். வருபவருக்கு முழுச் சம்பளம், தங்குமிடம், உரிய காலத்தில் இடமாற்றம் கொடு! தோட்டத்துப் பிள்ளைக்குப் பயிற்சியும் நிரந்தர நியமனமும் கொடு! இவை இரண்டும் ஒரே கோரிக்கை, சேர்ந்தே கேட்போம்.