பகடைக்குப் பின்னால் ஒரு கணக்கு

"கதைதான் முக்கியம், கணக்கெல்லாம் சும்மா." டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடுகிறவர்களிடம் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. கணக்கு இல்லாவிட்டால் அது உங்கள் கதையே இல்லை என்பது என் கட்சி. பி.காம் படிக்கிறவன் எங்கே போனாலும் கணக்கைத் தூக்கிக்கொண்டுதான் வருவான் என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் :-)

இந்த விளையாட்டு தெரியாத நண்பர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தையும் அதில் வரும் ஆபத்துகளையும் அவர் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் இதைச் செய்கிறேன்" என்று ஒருவர் சொன்னதும், அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருளும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974-ல் அமெரிக்காவில் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதற்குப் பிள்ளையார் சுழி. அது பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து வந்தது. ஆக, கணக்கு இதற்குப் பிறவிக்குணம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இதில் இரண்டு விதக் கணக்கு இருக்கிறது. ஒன்று கூட்டல் கழித்தல். இன்னொன்று நிகழ்தகவு. கணக்கைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் திட்டுகிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 'தாக்கோ' என்று ஒரு எண் உண்டு. உங்கள் தாக்கோவிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழித்தால், இருபது பக்கப் பகடையில் குறைந்தபட்சம் என்ன விழ வேண்டும் என்று தெரியும். தாக்கோ 17, கவசம் 4 என்றால் 13 விழ வேண்டும். கவசம் நன்றாக இருக்க இருக்க அதன் எண் குறையும், மைனஸிலும் போகும்! 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது. அதே வீரனுக்குக் கூடுதல் 3, அதே எதிரிக்குக் கவசம் 16. பகடையோடு 3-ஐக் கூட்டினால் 16 வர வேண்டும், அதாவது அதே 13. வெற்றி வாய்ப்பு இரண்டிலும் 40 சதவீதம். கழித்தல் போய்க் கூட்டல் வந்தது, அவ்வளவுதான். மேசையில் சண்டை வேகமாகப் போக அது போதும். முதல்வகைக் கணக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

இரண்டாவது வகை அப்படி இல்லை. பாதி உடைந்த ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும், இருபது பக்கப் பகடையில் 11 விழ வேண்டும் என்று வையுங்கள். வாய்ப்பு 50 சதவீதம். கூட இருப்பவர் கயிறு போட்டு உதவினால், 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். இப்போது 75 சதவீதம். ஆனால் கயிறு கட்டுகிற நேரத்தில் பின்னால் துரத்துகிற கூட்டம் நெருங்கிவிடும். 25 சதவீதத்துக்காக அந்த நேரத்தைக் கொடுக்கலாமா? இந்தக் கேள்வி வரும்போதுதான் மேசையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். 2 விழுந்தாலே போதும் என்றால் அதே கயிறு 95-ஐ 99.75 ஆக்கும், அவ்வளவே. கட்டவே வேண்டாம், ஓடு!

எந்தப் பகடை என்பதும் கதையை மாற்றும். 1986-ல் வந்த கர்ப்ஸ் விளையாட்டில் மூன்று சாதாரணப் பகடைகளின் கூட்டுத்தொகை உங்கள் திறமை எண்ணைத் தாண்டக் கூடாது. திறமை 10-லிருந்து 11 ஆனால் வாய்ப்பு 50-லிருந்து 62.5 சதவீதமாகிறது. 14-லிருந்து 15 ஆனால் 5 சதவீதம்கூட ஏறாது. பிளஸ் டூ பொருளியலில் படித்த குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியேதான்! கற்றுக்குட்டி வேகமாக முன்னேறுவான், தேர்ந்தவன் கொஞ்சம் கொஞ்சமாக. இருபது பக்கப் பகடையிலோ ஒவ்வொரு புள்ளிக்கும் அதே 5 சதவீதம்தான்.

கதைக்காரர்கள் கொண்டாடும் அபோகலிப்ஸ் வேர்ல்ட் (2010) விளையாட்டையே எடுங்கள். இரண்டு பகடை. கூட்டுத்தொகை 10-ஓ அதற்கு மேலோ வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 என்றால் வெற்றி ஆனால் கூடவே ஒரு சிக்கல், 6-ஓ அதற்குக் கீழோ வந்தால் வம்பு. கூடுதல் எண் 0 என்றாலும் 2 என்றாலும் அந்த நடுத்தட்டு விழும் வாய்ப்பு மாறாமல் 41.7 சதவீதம். "ஜெயித்தோம், ஆனால்..." என்று கதை நகர்ந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். பகடையே வேண்டாம் என்று 1991-ல் வந்த ஆம்பர் விளையாட்டிலும் ஆளுக்கு 100 புள்ளி கொடுத்துத் திறமைகளை ஏலம் விடுகிறார்கள். எங்கே போனது கணக்கு?

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். பல கேம் மாஸ்டர்கள் ஒரு திரைக்குப் பின்னால் பகடை உருட்டுவார்கள். விழுந்த எண் கதைக்குத் தோதாக இல்லையென்றால் வேறு எண்ணைச் சொல்வார்கள். ஐந்தாம் பதிப்பின் கேம் மாஸ்டர் கையேடே (2014) இதற்கு இடம் கொடுக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரம் ஒரு அற்ப அடியில் சாகக் கூடாதே என்று.

நான் ஆடிய ஒரு குழுவில் இது வெளியே தெரிந்துபோனது. யாரும் சண்டை போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாருக்கும் பயமே வரவில்லை. பாலம் உடைந்திருந்தால் என்ன, விழ விடமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். அதைவிட மோசம், முன்பு உயிரைப் பணயம் வைத்து ஜெயித்ததாக நினைத்த சண்டைகள் மேலும் சந்தேகம் வந்தது. நாங்கள் ஜெயித்தோமா, அவர் ஜெயிக்க வைத்தாரா? இரண்டு மாதத்தில் குழுவே கலைந்துவிட்டது.

அந்த 50-ம் 75-ம் கேம் மாஸ்டருக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற ஒப்பந்தம் மாதிரி. ஒரு தரப்பு மட்டும் ரகசியமாகத் திருத்தினால் அது ஒப்பந்தமே இல்லை என்று எங்கள் வணிகச் சட்ட வகுப்பில் முதல் வாரமே சொல்லிவிடுவார்கள்.

பாத்திரம் சாகக் கூடாது என்று நினைத்தால் அதை ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லாரும் பேசி முடிவெடுக்கலாம். அப்படி ஆடுவதில் ஒரு தப்பும் இல்லை. சில முடிவுகளுக்குப் பகடையே வேண்டாம் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பகடையைக் கையில் எடுத்துவிட்டால் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி உருட்டுங்கள். விழுந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள்.

திரை வேண்டும் என்கிற கட்சிக்காரர்கள் இருந்தால் வாருங்கள், விவாதிப்போம். பகடை நான் கொண்டு வருகிறேன் :-)