வானம் பச்சையா, மானிட்டர் பச்சையா?

புதுக் கம்ப்யூட்டருக்கு வால்பேப்பர் தேடும்போது, பச்சைத் திரைச்சீலை போல வானத்தில் ஒளி தொங்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் நார்தர்ன் லைட்ஸ் எனப்படும் வடதுருவ ஒளி. "எல்லாம் கம்ப்யூட்டர் வேலை" என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். சிலர் படத்தை அப்படியே நம்பி, பணம் செலவழித்துப் போய்ப் பார்த்து ஏமாறுகிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

நான் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர். ப்ராஜெக்ட் வேலையாக நார்வே போயிருந்தபோது, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ட்ரோம்சோ நகருக்குச் சென்றேன். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர் அது. இரவு 11 மணிக்கு வானில் வெளிறிய மேகம் போல ஒரு பட்டை தெரிந்தது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நொந்துகொண்டே கேமராவை ட்ரைபாடில் பொருத்தி, 10 விநாடி எக்ஸ்போஷர் கொடுத்தேன். கேமரா திரையில் அதே பட்டை பளிச்சென்று பச்சையாக இருந்தது!

கேமரா பொய் சொல்லவில்லை. பூமிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலே, வேகமாக வரும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் அணுக்களைத் தாக்குவதால் அந்தப் பச்சை பிறக்கிறது. 200 கிலோமீட்டருக்கு மேலே அதே ஆக்சிஜன் சிவப்பாக ஒளிரும். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்துப் பார்க்கும் திறன் குறைவு. கேமராவோ 10 விநாடி ஒளியைச் சேர்த்துக் காட்டுகிறது. ஒளி பலமாக இருக்கும் இரவுகளில் வெறும் கண்ணுக்கே பச்சை தெரியும்.

எடுப்பதும் கஷ்டமில்லை. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அப்பர்ச்சர் எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600, நேரம் 5 முதல் 15 விநாடி வரை. ஒளி வேகமாக ஆடினால் நேரத்தைக் குறையுங்கள். ஃபோகஸை மேனுவலில் வைத்து, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இன்னொன்றைச் சட்டைக்குள் வைத்திருங்கள்.

பொய் சொன்னது நான்தான். அறைக்கு வந்ததும் படத்தை லேப்டாப்பில் திறந்து, சாச்சுரேஷனைக் கடைசி வரை இழுத்து, அப்படியே சேவ் செய்து வீட்டுக்கு அனுப்பினேன். அம்மா போனில் கேட்டார்: "ஏம்ப்பா, நேர்லயும் இப்படியேதான் இருந்துச்சா?" பதில் சொல்ல முடியவில்லை. சரி, ஒரிஜினலை அனுப்பலாம் என்று தேடினால், அதன் மேலேயே சேவ் செய்திருக்கிறேன். மெமரி கார்டையும் ஃபார்மேட் செய்தாகிவிட்டது. கேமரா பதிந்த படம் இன்று என்னிடம் இல்லை.

ஒரிஜினலின் மதிப்பு பெரியது. நார்வே கணித அறிஞர் கார்ல் ஸ்டோர்மர், 1910 முதல் இரண்டு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் எடுத்த படங்களை ஒப்பிட்டுத்தான் இந்த ஒளியின் உயரத்தைக் கணக்கிட்டார். படம் சாட்சியாக இருந்ததால்தான் அது முடிந்தது.

எனவே, கேமராவில் வசதி இருந்தால் ரா ஃபார்மேட்டையும் சேர்த்து எடுங்கள். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். வீடு வந்ததும் எல்லாப் படங்களையும் 'ஒரிஜினல்' என்ற ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். இன்னொரு காப்பியை டிவிடியிலோ பென் டிரைவிலோ வையுங்கள். திருத்தும்போது 'சேவ்' வேண்டாம், 'சேவ் அஸ்' கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள்.

கலரைக் கூட்டுவது குற்றமில்லை. ஆனால் பிறருக்கு அனுப்பும்போது "10 விநாடி எக்ஸ்போஷர், கலர் கூட்டியது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். உங்கள் படத்தை நம்பி அவ்வளவு தூரம் போகிறவர், எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போகட்டும்.