கட்டிப் போட்டாச்சுல்ல, இனி வெயிலும் மழையும் நம்ம கணக்குதான்

மே மாச மத்தியானம் ரெண்டு மணிக்கு சென்னையில எந்தத் தெருவுக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. நடு ரோட்டுல ஒரு தெருநாய்கூட இருக்காது. எல்லாம் எங்க போச்சுன்னு தேடினா, ஒண்ணு நிறுத்தி வச்ச காருக்கு அடியில கிடக்கும். ஒண்ணு தண்ணி லாரி நின்னு ஒழுகின ஈரத்துல வயித்தை வச்சுப் படுத்திருக்கும். இன்னொண்ணு யார் வீட்டு செம்பருத்திச் செடிக்கு அடியிலயோ மண்ணைப் பறிச்சு, அந்தக் குழிக்குள்ள சுருண்டிருக்கும். யாரும் சொல்லித் தரல. அதுங்களுக்கே தெரியும்.

அதே நேரத்துல அதே தெருவுல வீட்டு நாய்ங்க எங்க இருக்கு? மொட்டை மாடியில தகர ஷெட்டுக்குக் கீழ. மேற்கு பார்த்த பால்கனியில. கேட்டு ஓரமா மூணு அடி சங்கிலியில. நிழல் நகரும். நாயும் கூடவே நகரப் பார்க்கும். சங்கிலி விடாது.

என் கட்சி இதுதான் மக்களே. நாய் வளர்க்கறதுன்னா வேளாவேளைக்கு சோறு, வருஷத்துக்கு ஒரு ஊசி, காலையில ஒரு வாக்கிங்னு முடிச்சுக்கறோம். ஆனா ஒரு ஜீவனை சங்கிலியிலயோ கதவுக்குள்ளயோ வச்ச அந்த நிமிஷமே, இடம் மாத்திப் படுக்கிற உரிமையை அதுகிட்ட இருந்து எடுத்துடறோம். அதனால அதோட வெயில், மழை, புயல், வெள்ளம் எல்லாமே நம்ம கணக்குல வந்துடுது. "அது நாய்தானே, தாங்கிக்கும்"னு சொல்றது தெருநாய்க்கு வேணா பாதி பொருந்தும். கட்டிப் போட்ட நாய்க்குப் பொருந்தவே பொருந்தாது.

முதல்ல வெயில். நமக்கு உடம்பு பூரா வேர்க்கும், காத்து பட்டா ஆறும். நாய்க்கு வேர்வைச் சுரப்பி முக்கியமா பாதத்துல மட்டும்தான். அது போதாது. அதனால நாக்கைத் தொங்கப் போட்டு வேகமா மூச்சு விட்டு, வாயில இருக்கிற ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்புச் சூட்டைக் குறைக்குது. நம்ம வீட்டு ஏர் கூலர் மாதிரின்னு வச்சுக்கோங்க. ஏர் கூலர் டெல்லியில நல்லா வேலை செய்யும், சென்னையில ஏன் சொதப்புதுன்னு எல்லாருக்கும் தெரியும். காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சு கிடந்தா தண்ணி ஆவியாகாது. அதே கதைதான் நாய்க்கும். 2003 மே 31ல நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி அடிச்சதே, அந்த மாதிரி நாள்தான் ஆபத்துன்னு நினைக்க வேண்டாம். 36 டிகிரியா இருந்தாலும், கடல் காத்து லேட்டாகி, புழுக்கமா இருக்கிற நாள்ல நாய் என்னதான் மூச்சு வாங்கினாலும் சூடு இறங்காது.

நாயோட இயல்பான சூடே 101ல இருந்து 102.5 ஃபாரன்ஹீட். நமக்கு அது காய்ச்சல். 106 தாண்டினா நாய்க்கு உள்ளுறுப்புகள் ஒவ்வொண்ணா அடிபட ஆரம்பிக்கும். நடுவுல இருக்கறது மூணரை டிகிரிதான். அவ்வளவு சின்ன இடைவெளி.

இந்த லட்சணத்துல நாம வாங்கற நாய்ங்களைப் பாருங்க. ஹஸ்கி, சைபீரியாவோட வடகிழக்கு மூலையில சுக்சி மக்கள் பனியில வண்டி இழுக்கறதுக்காக வளர்த்த நாய். அதை ஓஎம்ஆர்ல 11வது மாடியில 2 பிஎச்கேக்குள்ள வைக்கிறோம். கேட்டா "ஏசி போடறோமே சார்"ங்கறாங்க. கரண்ட் போனா? நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது போனா? பக், 2003ல ஹட்ச் விளம்பரத்துல ஒரு குட்டிப் பையன் பின்னாடி ஓடினதுல இருந்து ஊரெல்லாம் பரவின நாய். அதோட மூக்கே சப்பை. மூச்சு வாங்கித்தான் உடம்பை ஆத்தணும்னு இருக்கிற மிருகத்துக்கு மூச்சுக்குழாய்லயே சிக்கல்னா என்ன பண்ணும்? வேற ஏதாவது இன்ஜினியரிங் தப்பா இருந்தா பேட்ச் போட்டுச் சரி பண்ணிடலாம். இதுக்கு பேட்ச் கிடையாது.

இதுக்காக "ஹஸ்கிக்கு மொட்டை போட்டுடலாமே"ன்னு ஒரு குரூப் கிளம்பும். போடாதீங்க. அந்த ரெண்டடுக்கு முடிதான் வெயில் தோல்ல நேரா விழாம தடுக்குது. உதிர்ற அடிமுடியை சீவி எடுத்தாலே போதும்.

அப்ப நாட்டு நாய் வாங்கினா பிரச்சனை தீர்ந்துடுமா? பாதி தீரும். சிப்பிப்பாறையும் கன்னியும் தென் மாவட்டத்துக் கரிசல் காட்டு வெயில்ல முயல் விரட்டின ஜாதி. குட்டை முடி, ஒடிசலான உடம்பு, இந்த ஊர் வெயிலுக்குன்னே அமைஞ்ச மாதிரி. ஆனா அதுங்களுக்கு ஓட இடம் வேணும். மூணு அடி சங்கிலியில சிப்பிப்பாறையைக் கட்டறதும் கிட்டத்தட்ட ஹஸ்கியை பால்கனியில அடைக்கிற மாதிரிதான். அதே குட்டை முடியால மார்கழியில நடுங்கவும் செய்யும். சென்னையில 20 டிகிரி நமக்கு சுகம். தரையில படுக்கிற ஒல்லி நாய்க்கும், மூட்டு வலி வந்த கிழட்டு நாய்க்கும் அது சுகம் இல்ல. ரெண்டு சாக்கை மடிச்சுப் போட்டாலே போதும், அதுக்குன்னு ஆயிரம் ரூபாய் ஸ்வெட்டர் எல்லாம் தேவையில்ல.

எங்க வீட்டு நாய்க்குப் பேரு செவலை. கலரும் அதான். தெருவுல கிடைச்ச குட்டி, ஜாதி எல்லாம் தெரியாது. வருஷம் பூரா அவன் படுக்கிற இடத்தை வச்சே எந்த மாசம்னு சொல்லிடலாம். சித்திரை வைகாசியில பாத்ரூம் வாசல் டைல்ஸ். ஆடிக் காத்துக்கு வாசப்படி. ஐப்பசியில முதல் இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில, தீபாவளி முடியற வரைக்கும் வெளிய வர மாட்டான். மார்கழியில அப்பாவோட பழைய வேட்டி மேல. அவனை வீட்டுக்குள்ள அவிழ்த்து விட்டிருக்கறதால அவனே தேர்ந்தெடுத்துக்கறான். நாங்க பெருசா ஒண்ணும் பண்ணல. தேர்ந்தெடுக்க நாலு இடம் விட்டு வச்சிருக்கோம், அவ்வளவுதான்.

அடுத்து மழை. வடகிழக்குப் பருவமழை வந்தா வெயில் தொல்லை விட்டுதுன்னு நினைப்போம். நாய்க்கு வேற கணக்கு ஆரம்பிக்கும். ஈரமும் புழுக்கமும் சேர்ந்தா உண்ணி பெருகும். உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சல்ல ரத்தத்துல தட்டணுக்கள் இறங்கி, ஈறு வெளுத்து, சில சமயம் மூக்குல ரத்தம் வரும். நாய் ரெண்டு வேளை சாப்பிடலைன்னா "மூட் சரியில்ல"ன்னு விடாதீங்க. அப்புறம் தேங்கின தண்ணி. எலி மூத்திரம் கலந்த தண்ணியில எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், நாய்க்கும் வரும், நாய்கிட்ட இருந்து நமக்கும் வரும். அதுக்குத் தடுப்பூசி இருக்கு, வருஷா வருஷம் போடணும். அதைப் போட வேண்டியது மழைக்கு முன்னாடி, தண்ணி ஏறினதுக்கு அப்புறம் இல்ல.

இப்ப வெள்ளம். நான் இதை எழுதக் காரணமே இதுதான்.

2015 டிசம்பர் 1ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. கொட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி ராத்திரியில தெருநாய் மதில் மேல, கார் மேல, மாடிப்படி மேலன்னு எப்படியோ ஏறிப் பார்க்கும். எல்லாம் பிழைக்காது, ஆனா முயற்சி பண்ணவாவது முடியும். கேட்டுல கட்டின நாய்க்கு அதுவும் முடியாது. சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு உயரத்துக்குத்தான் அதால தலையைத் தூக்க முடியும். வீட்டுக்காரங்க அவசரத்துல கிளம்பறப்போ செய்யக்கூடியதுல ரொம்பச் சின்ன விஷயம் அந்தக் கொக்கியைக் கழட்டி விடறது. ஒரு செகண்ட் வேலை.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அன்னிக்கு வேளச்சேரியில எங்க தரைத்தள வீட்டுல இடுப்பளவு தண்ணி. மாடி வீட்டு அக்கா எங்களை மேல கூப்பிட்டுக்கிட்டாங்க. மறுநாள் படகு வந்தது. அம்மாவுக்கு சுகர் மாத்திரை தீர்ந்துடுச்சு, கரண்ட் இல்ல, குடிக்கத் தண்ணி இல்ல. நான் செவலையைத் தூக்கிட்டு படிக்கட்டுல இறங்கினேன்.

"நாயெல்லாம் ஏத்த முடியாது தம்பி, ஆளுங்க மட்டும்தான்."

அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. படகு சின்னது, காத்துக்கிட்டிருந்த ஜனம் நிறைய, நாய் மிரண்டு குதிச்சா எல்லாரும் கவிழ வேண்டியதுதான். ஆனா அம்மா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. "அவனை விட்டுட்டு நான் எங்கடா வருவேன்? போகச் சொல்லு." படகு போயிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் மாத்திரை இல்லாம அதே மாடியிலதான் இருந்தாங்க.

"மனுஷனுக்கே வழியில்ல, இதுல நாய்க்குப் படகு கேக்குதா?"ன்னு கேக்கறவங்களுக்கு என் பதில் அந்த மாடிதான். இது நாயைப் பத்தின பிரச்சனை மட்டும் இல்ல. நாயை விட்டுட்டு வர மாட்டேன்னு ஆபத்துலயே உக்காந்திருக்கிற மனுஷங்களோட பிரச்சனை. அவங்களை முட்டாள்னு திட்டலாம். திட்டினா அவங்க படகுல ஏறிடப் போறதில்ல.

அமெரிக்காக்காரன் இதை 2005ல கத்ரினா புயல்ல பட்டுத் தெரிஞ்சுக்கிட்டான். நியூ ஆர்லியன்ஸ்ல நாய், பூனையை விட்டுட்டு வர மனசில்லாம வெள்ளத்துலயே தங்கினவங்க ஏராளம். அடுத்த வருஷமே, 2006ல, ஒரு சட்டம் போட்டாங்க. மாநிலமும் உள்ளாட்சியும் போடற பேரிடர் திட்டத்துல வளர்ப்புப் பிராணி வச்சிருக்கிறவங்களையும் கணக்குல எடுத்துக்கணும்னு. ஜீவகாருண்யத்துக்காக மட்டும் இல்ல, ஆளுங்களைக் காலி பண்ண வைக்க வேற வழி இல்லைங்கறதால.

நம்ம ஊர்ல? 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல 11வது பிரிவு இருக்கு. அநியாயத்துக்குக் குட்டையான சங்கிலியில ரொம்ப நேரம் கட்டி வைக்கறது, போதுமான சோறு தண்ணி நிழல் தராம இருக்கறது, கைவிட்டுட்டுப் போறது எல்லாமே குற்றம்னு தெளிவா சொல்லுது. முதல் தடவை மாட்டினா அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய்ல இருந்து 50 ரூபாய் வரைக்கும். ரெண்டு டீ, ஒரு பஜ்ஜி. 1960ல அது காசு. இன்னிக்கு அது ஜோக்கு.

இன்னொரு பக்கம், சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ் கட்டாயம்னு சொல்லியிருக்கு. மைக்ரோசிப்பும் வைக்கச் சொல்றாங்க. நல்ல விஷயம், நான் ஆதரிக்கிறேன். ஆனா சாஃப்ட்வேர்காரனா ஒரு கேள்வி. எந்த முகவரியில நாய் இருக்குன்னு டேட்டாபேஸ் கையில இருக்கு. எந்தத் தெருவுல தண்ணி ஏறும்னு வருஷா வருஷம் பார்த்தே தெரியும். ரெண்டு லிஸ்டையும் சேர்த்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பள்ளிக்கரணைப் பக்கத்துல நாலு நிவாரண முகாம்ல ஒரு முகாமுக்காவது, நாயோட வர்றவங்களுக்குன்னு பின்னாடி ஒரு சைக்கிள் ஷெட்டை ஒதுக்கினா போதும். வேற ஒண்ணும் பெருசா கேக்கல.

அரசாங்கம் செய்யற வரைக்கும் நம்ம பங்குக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கு:

1. கத்திரி வெயில்ல வாக்கிங் காலைல ஆறரைக்குள்ள, இல்லைன்னா பொழுது சாஞ்சு ரோடு ஆறினதுக்கு அப்புறம். புறங்கையை ரோட்டுல அஞ்சு செகண்ட் வச்சுப் பாருங்க. உங்களால முடியலைன்னா அதோட பாதத்தாலயும் முடியாது.

2. பூட்டின காருக்குள்ள "ரெண்டே நிமிஷம்"னு விடாதீங்க. பத்து நிமிஷத்துலயே உள்ள 10 டிகிரி வரைக்கும் ஏறிடும். ஜன்னலை ஒரு இஞ்ச் இறக்கி வைக்கறதால பெருசா ஒண்ணும் மாறாது.

3. நாய் எச்சில் ஒழுக, தள்ளாடி, மூச்சு வாங்கிச் சரிஞ்சா முதல்ல பச்சைத் தண்ணியை ஊத்தி ஃபேனுக்கு முன்னாடி வைங்க. ஈரத் துண்டால மூடாதீங்க, சூடு உள்ளயே தங்கிடும். அப்புறம் உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.

4. புரட்டாசி முடியறதுக்குள்ள தடுப்பூசி, உண்ணி மருந்து. ஒரு பையில கயிறு, வாய்க்கூடு, நாலு நாள் சாப்பாடு, ஊசி போட்ட புத்தகத்தோட நகல். வாய்க்கூடு போட்டுப் பழக்கின நாயை ஏத்திக்கப் படகுக்காரருக்கும் கொஞ்சம் தைரியம் வரும்.

5. மாடி வீட்டுக்காரங்ககிட்ட இப்பவே பேசி வைங்க. தண்ணி வந்த அன்னிக்கு "நாயையும் கூட்டிட்டு வரலாமா"ன்னு கேட்டுக்கிட்டு நிக்க முடியாது.

6. எதுவுமே முடியலைன்னா, கிளம்பறதுக்கு முன்னாடி சங்கிலியையாவது கழட்டுங்க.

இதெல்லாம் முடியாதுன்னு தோணிச்சுன்னா நாய் வாங்காதீங்க. அதுல ஒண்ணும் தப்பில்ல. தெருவுல இருக்கிற நாலு நாய்க்கு வாசல்ல ஒரு மண்சட்டியில தண்ணி வைங்க. படுக்கிற இடத்தை அதுங்களே பார்த்துக்கும்.

டிஸ்கி: பூனை வளர்க்கிற மகா ஜனங்களே, உங்க ஆளுங்க ஏசி ரூம்ல உங்க தலையணை மேலதான் இருப்பாங்கன்னு தெரியும். ஆனா வெள்ளம் வந்தா பூனைக்கும் படகுல இடம் கிடையாது. நீங்களும் இந்தக் கட்சியிலதான் சேரணும்.