விட்டதைப் பிடிக்கும் கணக்கும் நூறு டொலர் வாசலும்

கொட்டாஞ்சேனையில் சிறு கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மனைவியின் தாலிக்கொடியை வெள்ளவத்தையில் அடகு வைத்தார். கேட்டபோது, “விட்டதைப் பிடிச்சிட்டு மீட்டிருவன் அண்ணை” என்றார். கசினோவில் பிளாக்ஜாக் ஆடுகிறார். பிளாக்ஜாக் போட்டிகளில் பின்தங்கியவர்கள் எப்படி முந்துகிறார்கள் என்று யூடியூப்பில் பார்த்தாராம்.

அந்த உத்தி பொய்யல்ல. போட்டியில் எதிரி கசினோ அல்ல, பக்கத்தில் இருப்பவர். கடைசி ஆட்டம், அவரிடம் 12,000 சிப்ஸ், என்னிடம் 10,000 என்று வைப்போம். அவர் 1,000 வைத்தால் நான் 3,100 வைக்க வேண்டும்; இருவரும் வென்றால் நான் 13,100, அவர் 13,000. அவர் துணிந்து 5,000 வைத்தால் நான் 1,000 மட்டும் வைக்கலாம். இருவரும் தோற்றால் நான் 9,000, அவர் 7,000. ஆனால் போட்டியில் என் நட்டம் நுழைவுக் கட்டணத்தோடு நின்றுவிடும். ஆட்டத்துக்கும் ஒரு முடிவு உண்டு.

சாதாரண மேசையில் இந்த இரண்டும் இல்லை. அங்கே முந்துவதற்கு யாரும் இல்லை, கசினோ மட்டுமே. நண்பர் செய்தது தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டிப்பாக்குவது. 1,000 ரூபாயில் தொடங்கி ஆறு முறை தொடர்ந்து தோற்றால் 63,000 போய்விடும். ஏழாவது பந்தயம் 64,000. அதில் வென்றாலும் மிஞ்சுவது 1,000 ரூபாய்தான். சமநிலையில் முடிபவற்றை விட்டால், நன்றாக ஆடுபவரும் நூறில் ஏறக்குறைய 53 ஆட்டங்களில் தோற்கிறார். அப்படியென்றால் இந்தத் தொடர் தோல்வி ஏறக்குறைய 45 தடவைக்கு ஒரு தடவை வரும். மணித்தியாலத்துக்கு அறுபது ஆட்டங்கள் போகும் மேசையில் அது ஓரிரவுக்குள் வரக்கூடியதுதான். மேசையின் உச்சவரம்போ, கைக்காசின் முடிவோ அதற்கு முன்பே குறுக்கிடும்.

இதை ஒரு தனிமனிதரின் பலவீனமாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. 2025 ஆகஸ்ட் 2ஆம் திகதி கொழும்பில் ‘சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்’ திறக்கப்பட்டது. அதே ஆண்டு சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைக்கான சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இலங்கையர் கசினோவுக்குள் நுழையச் செலுத்தும் வரியை 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்த அரசாங்கம் முடிவெடுத்தது. உள்ளூர்க்காரரைத் தடுப்பதும் வருமானம் திரட்டுவதும் இதன் நியாயங்களாகச் சொல்லப்படுகின்றன.

தயங்குபவரை 100 டொலர் தடுக்கும். ஆனால் ஏற்கெனவே ஆடிப் பழகியவர், வாசலைத் தாண்டும்போதே ஏறக்குறைய 30,000 ரூபாய் பின்தங்கியவராகிறார். முதல் சீட்டு விழுவதற்கு முன்பே அவருக்குப் ‘பிடிக்க வேண்டிய’ தொகை ஒன்று இருக்கிறது. சிறிய பந்தயத்தோடு எழுந்து வர அவருக்கு மனம் வராது.

ஆகவே வாசலில் காசு வாங்குவது மட்டும் போதாது. போட்டியில் இருப்பதைப்போல இங்கும் நட்டத்துக்கு ஓர் எல்லை வேண்டும்: ஒருவர் ஒரு நாளில் இழக்கக்கூடிய தொகைக்கு வரம்பு, தன்னை உள்ளே விடவேண்டாம் என்று ஒருவரே பெயர் பதியும் பட்டியல், குடும்பத்தினரும் விண்ணப்பிக்கும் வழி. சிங்கப்பூரில் குடும்பத்தினர் விண்ணப்பித்துத் தடை கோர முடியும். புதிய அதிகாரசபை இங்கும் அதைக் கேட்கலாம்.

நண்பரின் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அவரை உள்ள விடாதீங்கோ எண்டு நான் ஆரிட்ட எழுதிக் குடுக்கிறது, அண்ணா?” என்னிடம் பதில் இருக்கவில்லை. தாலிக்கொடி இன்னும் அடகில்தான் இருக்கிறது.